சம்பந்தி வீட்டு இன்ஜின்

ஷர்லி டீச்சரின் காரை வீரய்யா பேசாமல் வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. கீரனூரில் டீச்சர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்ற பழைய பெட்ரோல் வண்டி அது. பெயிண்ட் வெளுத்துப்போயிருந்தது, பின்பக்கம் ஒரு நசுங்கல். ஆனால் வீரய்யா கூட்டி வந்த மெக்கானிக் அய்யப்பன் பெயிண்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது.

"இதத்தான் மாமா மொதல்ல பாக்கணும். நாம வர்றதுக்கு முந்தியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தா, எந்த இன்ஜினும் நல்ல பிள்ளையாட்டம் ஸ்டார்ட் ஆகும்."

சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. புகை இல்லை. ஓடுகிற இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாக வைத்தான். மூடி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. உள்ளே தேய்ந்த இன்ஜினாக இருந்தால் காற்று மேலே தள்ளி மூடியை ஆட்டும், தூக்கிக்கூட எறியும் என்றான். "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க. அத்தைய நிம்மதியாக் கூட்டிட்டுப் போயிட்டு வரலாம்."

வீரய்யாவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் மனைவி பிரகதாம்பாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது தலை நிற்காது, கண் இருட்டும், பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிடுவாள். கடலை விற்ற காசையும், அவளுடைய ஒரு சங்கிலியையும் சேர்த்துத்தான் வண்டி வாங்கக் கிளம்பியிருந்தார். பகட்டு வண்டியெல்லாம் கேட்கவில்லை. வழியில் நிற்காத ஒரு இன்ஜின் போதும்.

இந்த இடத்தில் மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. நிலமோ வண்டியோ, பெரிதாக எதை வாங்கினாலும் பெண் கொடுத்த இடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்குவதுதான் அந்தப் பக்கத்து முறை. பிறகு தெரிந்தால், "எங்களுக்கெல்லாம் சொல்லுவீகளா?" என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சு பொன்னமராவதியில் வாழ்க்கைப்பட்ட மகள் ரஞ்சிதாவின் தலையில்தான் வந்து இறங்கும். ஆகவே டீச்சரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சம்பந்தி குழந்தைசாமிக்குப் போன் போட்டார்.

"என்ன சம்பந்தி, வெளியாளு மாதிரிப் பேசுறீங்க?" என்றார் குழந்தைசாமி. "நம்ம வீட்டுல டீசல் வண்டி ஒண்ணு நிக்கிது. அத விட்டுப்புட்டு நீங்க எவுககிட்டயோ போயி வாங்குனா, பாக்குறவுக என்னைய என்ன சொல்லுவாக? நான் புதுசு புக் பண்ணிட்டேன். இத நீங்க எடுத்துக்கங்க."

வேண்டாம் என்று சொல்ல வீரய்யா வாயைத் திறந்தார். "அதுக்கென்னங்க சம்பந்தி, பாப்போம்" என்று வந்து விழுந்தது. பாப்போம் என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்பது போனின் இரண்டு பக்கமும் தெரியும்.

நல்ல நாள் பார்த்து வண்டி வந்தது. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் என்று ஒரு குறையில்லை. பளபளவென்று துடைத்திருந்தார்கள். குழந்தைசாமியோடு ரஞ்சிதாவும் வந்து இறங்கினாள். பொன்னமராவதியிலிருந்து ஓடி வந்த இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, அய்யப்பன் சொன்ன முதல் பரீட்சைக்கே வழியில்லை.

ஆனால் குழந்தைசாமி இன்ஜினை அணைக்கவில்லை. தானே பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். "பாத்துக்கங்க சம்பந்தி. நல்லாப் பாத்துக்கங்க" என்று ஒதுங்கி நின்றார்.

கறுப்பு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருகி எடுத்து, தலைகீழாக வைத்தால் போதும். வீரய்யாவின் கை போயே விட்டது. அதற்குள் ரஞ்சிதா தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "நோண்டாதீங்கப்பா. மாமா கௌரவம் பாப்பாக. அப்பறம் வீட்டுல அத்தை என்னையத்தான் பேசும்."

கை திரும்பி வந்துவிட்டது. "இதுல என்னங்க பாக்க இருக்கு? ஒங்க கை பட்ட வண்டி" என்றார்.

"இல்ல, ஒரு தடவ ஓட்டியாவது பாருங்களேன்."

"அட, விடுங்க சம்பந்தி!"

குழந்தைசாமி பானெட்டுக் கம்பியைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெல்ல மூடினார். பிரகதாம்பாள் ஆரத்தித் தட்டோடு வந்து வண்டிக்குச் சுற்றினாள். கடலைக் காசும் சங்கிலிக் காசும் தாம்பாளத்தில் வைத்துக் கை மாறின, வண்டி இந்த வீட்டு வண்டி ஆகிவிட்டது.

மறுநாள் அய்யப்பனின் பட்டறையில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தபோது அது கொதிக்கிற சோற்றுப்பானை மூடி போலக் குதித்தது, ஒரே துள்ளலில் கீழே விழுந்து உருண்டது. துளையிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. அய்யப்பன் மூடியைப் பொறுக்கித் துடைத்தான். "இன்ஜின இறக்கி வேலை பாத்தாத்தான் மாமா உண்டு. ஓடும். எங்க நிக்கும்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க."

இறக்கி வேலை பார்க்கக் கையில் எதுவும் மிச்சமில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் சம்பந்தியைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி. ஷர்லி டீச்சரின் வண்டியை அதற்குள் வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். வீரய்யாவுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராகத் தெரிந்தது.

இரண்டாவது வாரமே நின்றது. அதுவும் திரும்பி வரும்போது, கீரனூருக்கு முன்னால், உச்சி வெயிலில். ரோட்டோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் பிரகதாம்பாளைப் படுக்க வைத்தார். அவள் வாந்தி எடுத்தாள். ஊசி குத்திய கைக்கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. வீரய்யா கை நீட்டி நிறுத்தப் பார்த்த கார்களெல்லாம் நிற்காமல் போயின. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர்தான் ஏற்றிக்கொண்டார். வீடு வந்ததும் அவள் தானே இறங்கி, சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது கூத்து. தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குழந்தைசாமியின் ஒன்றுவிட்ட தங்கை இருந்தாள். வண்டி வெளியே போகாவிட்டால் செய்தி மத்தியானத்துக்குள் பொன்னமராவதி போய்விடும். ஆகவே டயாலிசிஸ் நாட்களில் வீரய்யா வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒரு ஹாரனும் அடித்து, மனைவியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஜம்மென்று கிளம்புவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அய்யப்பனின் பட்டறையில் வண்டியைப் போட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறுவார்கள். ரஞ்சிதா போனில், "வண்டி எப்படிப்பா ஓடுது? மாமா கேக்குறாக" என்பாள். "ஜம்முன்னு ஓடுதும்மா" என்பார். பிரகதாம்பாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து வந்த திருச்சி பஸ் நிரம்பி வழிந்தது. எப்படியோ ஏறி, மனைவியை முன்னால் விட்டுத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார் வீரய்யா. நடுவில் ஒரு சீட்டிலிருந்து, மடியில் பையோடு, குழந்தைசாமி நிமிர்ந்து பார்த்தார்.

வீரய்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறங்கிவிடலாமா என்று பார்த்தார், பின்னால் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

"வா தங்கச்சி, இங்கிட்டு உக்காரு" என்று குழந்தைசாமி எழுந்து பிரகதாம்பாளுக்கு இடம் விட்டார். இப்போது இரண்டு சம்பந்திகளும் அவள் தலைக்கு மேல் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முகம், நகர இடமில்லாமல் நின்றார்கள்.

"வண்டி சர்வீஸுக்கு விட்டுருக்கு" என்றார் வீரய்யா, யாரும் கேட்காமலே.

"அப்படிங்களா. எனக்கும் புதுசு இன்னும் வரல" என்றார் குழந்தைசாமி.

"நல்ல வண்டிங்க. ஒரு கொறையும் இல்ல."

"ஆமாமா. நல்ல இன்ஜின்."

கீழேயிருந்து பிரகதாம்பாள் சொன்னாள்: "அது வழியில நின்னுருச்சுண்ணே."

வீரய்யாவுக்கு மகளின் முகம் கண்முன் வந்து போனது. காலால் மனைவியின் காலைச் சீண்டினார். அவள் காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"டயாலிசிஸ் முடிஞ்சு வாரப்ப நின்னுச்சு. மரத்தடியில படுத்துக் கெடந்தேன். அதுலருந்து பஸ்லதான் போயிட்டு வாரோம். தெருவுக்கு மட்டும் கார்ல போறோம்."

குழந்தைசாமி பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. "தெரியும் தங்கச்சி, அந்த இன்ஜின் போயிருச்சுன்னு" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "சம்பந்தி போன்ல சொன்னப்ப, நம்மகிட்ட வண்டிய வச்சுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்குறதுன்னு ஒரு பேச்சுக்குத்தான் எடுத்துக்கங்கன்னேன். அவரு பாப்போம்னுட்டாரு. சரி, பாத்துட்டு வேண்டாம்பாருன்னுதான் நானே பானெட்டத் தொறந்து வச்சேன். ஓட்டிப் பாருங்கன்னும் சொன்னேன். அவரு மரியாதைக்குப் பாக்கல. நானா எப்படி வாயத் தொறந்து எங்க வண்டி ஓட்டைன்னு சொல்றது?"

வீரய்யா கம்பியைப் பார்த்தார். அன்று பானெட்டுக் கம்பியைப் பிடித்தபடி குழந்தைசாமி ஏன் அத்தனை நேரம் நின்றார் என்பது இப்போதுதான் விளங்கியது.

"ரெண்டு பேரும் மரியாதை பாத்தீங்க" என்றாள் பிரகதாம்பாள், குரலை உயர்த்தாமல். "ரோட்டுல கெடந்தது நானு."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வண்டிய நான் திருப்பி எடுத்துக்கிறேன் சம்பந்தி. ஒங்க பணம் ஒங்ககிட்ட வந்துரும்" என்றார்.

"அய்யய்யோ, அதெல்லாம் எதுக்குங்க சம்பந்தி, இருக்கட்டும்!" என்றார் வீரய்யா. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவருக்கு உறைத்தது. இத்தனைக்குப் பிறகும் வாய் அதன் போக்கில் போய்விட்டது. அவமானமாக இருந்தது.

பிரகதாம்பாள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். ரொம்ப நாள் பழகிப்போன ஒரு வலியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். பிறகு குழந்தைசாமியிடம் திரும்பினாள்.

"நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போங்கண்ணே. இவரு வேண்டாம்னுதான் சொல்லுவாரு. நீங்க எடுத்துட்டுப் போங்க."

வீரய்யா வாயைத் திறந்தார். அவள் ஊசித் தழும்பேறிய கையை எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். திருச்சிக்கு இன்னும் பாதி வழி இருந்தது.