கூன்வோர் சேர்த்து எழுதிய நான்கு வரிகள்

ஹெல்மோ நகராட்சிக்கு வருகிற எந்தக் கடிதமும் பதிவாளர் கூன்வோரின் முத்திரை விழாமல் உள்ளே போனதில்லை. தேதி, எண், அனுப்பியவர் பெயர். முத்திரை விழுந்த நிமிடத்திலிருந்து அது ஊர்ச் சொத்து. யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். கேட்பவரிடம் பெயரையோ காரணத்தையோ விசாரிக்கக் கூடாது. ஸ்வீடனில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும் என்பது கூன்வோரின் நம்பிக்கை.

மறைக்க வேண்டியதை மறைப்பதிலும் அவள் கில்லாடி. ஒரு தாயின் நோய் விவரம் இருந்த பக்கத்தில் கறுப்பு மையை இழுத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் என்பதால் அதை இன்னொரு முறை நகல் எடுத்துத்தான் கொடுத்தாள். அதைக் கேட்டு வந்த பத்திரிகைக்காரர் ஃபோல்கே அன்று குதியாய்க் குதித்தார். அவள் அசையவில்லை. பக்கத்து வீட்டுச் சேவலைத் திட்டி எழுதிய ஒரு நகர்மன்ற உறுப்பினர், தன் கடிதத்தை ஒளித்துவைக்கச் சொல்லிக் கெஞ்சினார். அப்போதும் அவள் அசையவில்லை.

அப்படிப்பட்டவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பக்கத்து ஊரான தல்வீக் நகராட்சியில் இரண்டாவது பதிவாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அங்கே ஏற்கெனவே பதிவாளராக இருந்த மாய்லிஸ் அவளுடைய தோழி. இந்த நாட்டில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்ப் பட்டியலும் ஊருக்குத் தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் தொலைபேசியில்தான் பேசுவார்கள். கூன்வோர் எழுதினாள். எழுதியது போதாதென்று, தோழியிடம் பேசுகிற நினைப்பில் அதே மின்னஞ்சலின் கீழே நான்கு வரி சேர்த்தாள்:

"பதினெட்டு வருஷமா நான் போடுற காபியத்தான் எல்லாரும் குடிக்கறாங்க. ஸ்டூரே ஒரு நாள்கூடத் தன் குவளையக் கழுவினதில்ல. நான் ஒருத்தி இங்க இருக்கேன்னு இவங்களுக்குத் தெரியுமான்னே சந்தேகமா இருக்கு. என்னக் கூப்பிட்டுக்கோடி."

அனுப்பியது தல்வீக்கின் அலுவலக முகவரிக்கு. திங்கள் காலை முத்திரை குத்தும்போதுதான், அங்கே தன் வரிகளுக்கும் ஒரு முத்திரை விழும் என்பது அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மதியமே மாய்லிஸ் கூப்பிட்டாள். விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் யாரோ கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்றாள். யார் கேட்டார்கள் என்று அவளும் சொல்லவில்லை, கூன்வோரும் கேட்கவில்லை. விண்ணப்பம் போகட்டும், அந்த நான்கு வரியை மட்டும் மறைக்க முடியாதா என்றாள் கூன்வோர். கேட்கும்போதே அவளுக்கு முகம் சுட்டது.

"எந்தப் பிரிவுலடி மறைக்கறது?" என்றாள் மாய்லிஸ். "நீயே சொல்லு. நீ சொன்னா நான் கறுப்படிச்சுடறேன்."

மாய்லிஸ் நிஜமாகவே செய்துவிடுவாள். அதுதான் சங்கடம். கூன்வோர் ரகசியச் சட்டத்தை மனதுக்குள் புரட்டினாள். நோய்க்குப் பிரிவு உண்டு. அடிக்கிற கணவனிடமிருந்து ஒளிந்து வாழ்பவளின் முகவரிக்கு உண்டு. குடிநீர் நிலையத்தின் வரைபடத்துக்கு உண்டு. வெட்கத்துக்கு ஒரு பிரிவும் இல்லை. சேவலைத் திட்டி எழுதியவரிடம் இதைத்தானே அவள் வாய் கூசாமல் சொன்னாள்?

"பிரிவு இல்லடி," என்றாள். "குடுத்துடு."

புதன்கிழமைப் பத்திரிகையில் செய்தி சின்னதுதான். விண்ணப்பித்த ஐந்து பேரின் பெயர்கள், நடுவில் கூன்வோர். அவள் வரிகளில் இரண்டை ஃபோல்கே அப்படியே போட்டிருந்தார்: குவளை வரி, இருக்கேன்னு தெரியுமா என்ற வரி. இரண்டாவது அச்சில் இன்னும் மோசமாக இருந்தது.

அன்றைய காபி நேரத்தில் பனி உருகுவதைப் பற்றிக்கூடப் பேச்சு இல்லை. இலவங்கப்பட்டை ரொட்டியை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு தட்டையே பார்த்தார்கள். நகராட்சித் தலைமை அதிகாரி ஸ்டூரே தன் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டூரேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் எழுதவே மாட்டார். எழுதினால் காகிதம், காகிதம் வந்தால் ஃபோல்கே. எதுவானாலும் "வாங்க, நடந்துட்டே பேசுவோம்" என்று ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்விடுவார். அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்றுகூட அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போதும் நடக்கத்தான் கூப்பிடுவார் என்று கூன்வோர் காத்திருந்தாள். கூப்பிடவில்லை. வியாழனும் கூப்பிடவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, போய்விடலாம் என்று முடிவு செய்தாள்.

வெள்ளி காலைத் தபாலில் ஒரு வெள்ளை உறை வந்தது. அனுப்பியவர் முகவரி ஸ்டூரேயின் வீடு. தபால்தலை ஒட்டி, ஊரில் ஒரு சாதாரணக் குடிமகனைப் போல அனுப்பியிருந்தார்.

"ஹெல்மோ நகராட்சிக்கு. நேற்று நான் என் குவளையைக் கழுவினேன். பதினெட்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரு தடவைதான் கழுவ முடிகிறது, அதற்கு வருந்துகிறேன். இந்தக் கட்டடத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதபோதெல்லாம் கூன்வோர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தேன். இதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் தரவும். ஸ்டூரே."

அவள் மூன்று தடவை படித்தாள். கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல உருண்டையாக இருந்தது. ஆற்றங்கரையில் காதோடு சொல்லியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மனிதர் தெரிந்தேதான் செய்திருக்கிறார். சந்தோஷத்தில் அவளுக்கு முத்திரை கோணலாக விழுந்தது.

ஒன்பது மணிக்கு ஃபோல்கே வந்தார். கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த காகிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்ன பதில் எழுதப்போறீங்க?"

"எழுதினதும் வந்து பாருங்க. பேர் சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம்."

பிறகு அவள் தல்வீக்குக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வரி. கீழே எதையும் சேர்க்கவில்லை. மிச்சத்தைச் சொல்ல மாய்லிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.