டேங்குக்குள் ஒரு சாண் டியூப்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு மோட்டார் பத்திரிகை கேட்ட கட்டுரை. “கையைக் கடிக்காமல் டர்போ காரின் சைலன்சரையும் பெட்ரோல் போகும் வழியையும் மாற்றுவது எப்படி? படித்துவிட்டு யாரும் வண்டியைக் கொளுத்திவிடாதபடி எழுதுங்கள்” என்றார் ஆசிரியர். நானும் நல்ல பிள்ளையாக ஆரம்பித்தேன்:

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. புகைக் குழாயை அகலமாக்கினால் அது இன்னும் வேகமாகச் சுழலும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறி, பிஸ்டன் உருகி

இந்த இடத்தில் ஒரு பெரியவர் மூக்கை நுழைத்து, “அதெல்லாம் இருக்கட்டும், சத்தம் எப்படி வரும்?” என்று கேட்டார். யார் இவர் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுரை அத்தோடு நின்றது.

2

தொடக்கம் ஒன்று: “மருமகள் வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றியபோது வெளியே மழை”

[மழை வேண்டாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதபோதெல்லாம் என் கதைகளில் மழை வந்துவிடுகிறது.]

தொடக்கம் இரண்டு. பெரியவர் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர். அவருடைய மருமகள், பஸ்களுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். கல்யாணமாகி வந்த புதிதில், “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா நெருப்போட வேலை?” என்று கேட்டவர் இவர். சொந்தக்காரர்கள் விசாரித்தால், “ஏதோ கம்பெனில இருக்கா” என்று பேச்சை மாற்றிவிடுவார். அவளுக்கு அது தெரியும். வலிக்கவும் செய்தது. வாயைத் திறந்ததில்லை.

ஓய்வுபெற்ற கையோடு பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினார். ஊரிலுள்ள பட்டறைகளில் எல்லாம் சைலன்சர் மாற்ற விலை கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பினார். கடைசியில் அவளிடம் வந்து நின்றார்.

“ஏம்மா, இதை நீயே பண்ணிடுவியா?”

அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அது.

“பண்ணலாம் மாமா. ஆனா முதல்ல பெட்ரோல் பம்ப். அப்புறம்தான் சைலன்சர்.”

“பம்ப் போட்டா சத்தம் வருமா?”

“வராது.”

“அப்ப அதுக்கு எதுக்குச் செலவு?”

“இன்ஜின் இன்ஜினா இருக்கறதுக்கு.”

பெரியவர் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்கவைக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவராகவே சிரித்தார்.

3

அவள் வேலை சுத்தமான வேலை. அகலமான குழாயைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினாள். வண்டியிலிருந்து தள்ளி, வெட்டவெளியில் வைத்து ஒட்டினாள். புகையைச் சுத்தம் செய்யும் பெட்டியைத் தொடவில்லை.

“அதை எடுத்துட்டா இன்னும் கம்பீரமா கேக்குமாமே?”

“பின்னாடி வர்றவங்க மூச்சு விட வேணாமா மாமா?”

பம்ப் மட்டும் புதிது. அதில் பேரமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேட்டரியைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேங்கைத் திறந்தாள். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பம்பிலிருந்து மேல்மூடிக்குப் பெட்ரோல் ஏற ஒரு சாண் டியூப் வேண்டும். வீட்டுக் கொட்டகையில் பெட்ரோல் டியூப் மிச்சம் கிடந்தது. அதிலிருந்து வெட்டி மாட்டினாள்.* பிறகு கம்ப்யூட்டரோடு ஒரு ட்யூனிங்காரர் வந்து, காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கின்றனவா என்று ஓட்டிப் பார்த்துச் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

* சாதாரண பெட்ரோல் டியூப் தன் உள்ளே ஓடும் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால் நாளடைவில் ஊறிப்போகும். டேங்குக்குள் போடுவதற்கென்றே வேறு டியூப் விற்கிறார்கள்; விலை பல மடங்கு. கட்டுரையாக இருந்திருந்தால் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன். கதை என்பதால் அவளிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

4

ஏன் அந்த டியூபை மாட்டினாள்?

முதல் வரைவில் பழியைக் கடைக்காரர் தலையில் போட்டேன். பொய் சொல்லி விற்றார் என்று எழுதினேன். [அடித்துவிட்டேன்.] அடுத்த வரைவில் மாமனாரின் கஞ்சத்தனம். [அதையும் அடித்துவிட்டேன். சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக் கொடுத்திருப்பார்.] எனக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. எப்படியாவது அவளைத் தப்பிக்கவைக்கப் பார்க்கிறேன். ஆனால் விஷயம் இவ்வளவுதான்: அவளுக்குத் தெரியாது. இரும்பைப் பற்றிக் கேளுங்கள், விடியும்வரை சொல்வாள். ரப்பரைப் பற்றி அவள் யோசித்ததில்லை.

5

சில வாரங்கள் கழித்து ஒரு காலை. மாமனார் வண்டியில் பைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார். மலைப்பாதையில் ஏறி, அந்தப் பக்கம் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகிறார். மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்தாகிவிட்டது.

“அக்கா வீட்டு வாசல்ல நிறுத்தி, ஒரு தடவை உறுமவிட்டு, ‘இது யார் பண்ணது தெரியுமா, என் மருமக, வெல்டரு’ன்னு சொல்லப்போறேன்” என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதை மறைக்கக் கொட்டகைக்குள் போனாள்.

போல்ட்டுகளை ஊறப்போட்ட பெட்ரோல் டப்பா ஒன்று மூலையில் இருந்தது. வெட்டியதுபோக மிஞ்சிய டியூப் துண்டு என்றைக்கோ அதில் விழுந்து கிடந்தது. எடுத்தாள். டீயில் முக்கிய ரொட்டிபோல உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினாள், நகம் உள்ளே போய்விட்டது.

 இதன் மறுபாதி டேங்குக்குள் இருக்கிறது. மேட்டில் ஒரு லாரியை முந்தும்போது டியூப் பிளந்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதாது. பிஸ்டன் உருகலாம். அதற்கு முன்பே, எதிரில் வண்டி வரும்போது, நடுரோட்டில் கார் இழுக்காமல் நின்றுவிடலாம்.

வெளியே இன்ஜின் உறுமியது.

6

அவள் ஓடிப்போய் நிறுத்தச் சொல்வாள். அவர் “ஏம்மா?” என்று கேட்பார். அதற்கு இரண்டு முடிவுகளைத் தயாராக வைத்திருந்தேன்.

அ. “பேட்டரி வயர் லூசா இருக்கு மாமா. சாயங்காலம் போங்க.” சரியான டியூபை வாங்கி மாட்டிவிடுவாள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆ. “நான் தப்பான டியூபைப் போட்டுட்டேன் மாமா. எனக்குத் தெரியல.” இதைச் சொன்னால், அக்கா வீட்டு வாசலில் அவர் சொல்லவிருந்த அந்த ஒரு வாக்கியம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

இரண்டிலும் கார் பத்திரம். அதனால்தான் எதைத் தேர்வது என்று தெரியாமல் நாட்கணக்கில் திண்டாடினேன். சரி, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளை வாசலுக்கு அனுப்பினேன்.

“மாமா, வண்டியை எடுக்காதீங்க.”

பெரியவர் இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி, ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார். அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை.

என் இரண்டு முடிவுகளும் பதில்கள். இப்போது கேள்வியையே காணோம்.

“என்னவாம்? ஏன் இறங்கணும்?” என்றார் மாமியார்.

“இறங்கு. மருமக சொல்றால்ல. அவளுக்குத் தெரியும்.”

பையைத் தூக்கிக்கொண்டு பெரியவர் வாசற்படிக்குப் போய்விட்டார். அவள் ஒரு கையில் சாவியோடும் மறு கையில் ஊறிய டியூபோடும் நிற்கிறாள். மதியத்துக்குள் டேங்கைத் திறந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்காத மனிதரைக் கூப்பிட்டுச் சொல்வதா என்பதை என்னால் எழுத முடியவில்லை. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.