புதன்கிழமை மறியல்

மூத்ததம்பி அண்ணையின் கடைவாய்ப் பல்லால்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் மறியல் கிடைத்தது. அவருக்கு எங்கே குத்துகிறது, எப்போது குத்துகிறது என்று பல் வைத்தியருக்கு ஜெர்மனில் சொல்ல வில் என்கிற அந்தச் சின்ன நகரத்தில் அன்றைக்கு என்னை விட்டால் ஆளில்லை. அதற்கு முந்தின கிழமை இன்னொரு தமிழருக்காக நகரசபைக் கந்தோரில் மொழிபெயர்ப்பு. இப்படிப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் பிந்திப் போனதில் கணக்கு வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. புதன்கிழமை பின்னேரம் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனபிறகு வகுப்பில் இருந்து கணக்குச் செய் என்று சொல்லிவிட்டார். எண்பத்தெட்டாம் ஆண்டு, கார்த்திகை மாதம். எனக்குப் பதினைந்து வயது.

"கொப்பருக்குச் சொல்லிப் போடாதை, மனோகரி. பிறகு மனுசன் நித்திரை கொள்ளாது," என்றார் அம்மா.

அப்பாவைக் குறை சொல்லமுடியாது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. "இஞ்சை எங்கடை பேர் ஒரு இடத்திலையும் அடிபடக் கூடாது" என்பதுதான் அவருடைய தேவாரம். பஸ்ஸில் நான் கொஞ்சம் பலத்துச் சிரித்தாலும் பொலிஸ் வந்து எல்லாரையும் கொழும்புக்கு ஏற்றிவிடும் என்று நினைக்கிற மனிதர். எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த வருத்தம் எனக்கும் தொற்றியிருந்தது. அன்று வகுப்புக் கதவைச் சத்தம் வராமல் திறந்தேன்.

உள்ளே இரண்டுபேர் இருந்தார்கள். ஒருத்தி கிளவுதியா, டொக்டரின் மகள். பனிச்சறுக்குக்குப் போகிற பெட்டைகள் எல்லாரும் அவளைச் சுற்றித்தான் நிற்பார்கள். கழிப்பறையில் சிகரெட் குடித்துப் பிடிபட்டிருந்தாள். மற்றவன் ரெட்டோ, ஐஸ் ஹொக்கிக் கூட்டத்துப் பெடியன், யாருக்கோ மூக்கில் குத்தியிருந்தான். எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வோர் இடம் உண்டு. ஹொக்கிப் பெடியன்கள் சுவரோரம், இத்தாலியப் பிள்ளைகள் படிக்கட்டில். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியே. அந்த இருவரும் என்னோடு ஒரு சொல் கதைத்தது கிடையாது, ஏன், தங்களுக்குள்ளேயே கதைத்தது கிடையாது.

வாத்தியார் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் கிளவுதியா பையிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தாள். தான் குடித்தாள், ரெட்டோவுக்குக் கொடுத்தாள், அவன் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான். என்னிடம்! நான் பழக்கதோசத்தில் அண்ணாந்து, வாய் படாமல் ஊற்றிக் குடித்தேன்.

கிளவுதியாவின் முகம் மாறிவிட்டது.

"எங்கடை வாய் உனக்கு அருவருப்போ?"

"இல்லை, இல்லை. என்ரை வாய் பட்டதை நீங்கள் குடிக்கக் கூடாதெல்லே. எங்கடை வீட்டிலை அது மரியாதையில்லை."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு போத்தலைப் பறித்து, தானும் அண்ணாந்து ஊற்றினாள். சோடா மூக்குக்குள் போய்விட்டது. நான் சிரித்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "தலையைச் சாய், தொண்டையை மூடாதை" என்று சொல்லிக்கொடுத்தேன். ரெட்டோ தன் வீரத்தைக் காட்டக் கதிரையைப் பின்கால்களில் சாய்த்து, போத்தலை எட்ட உயர்த்திப் பிடித்தான். எனக்குச் சந்தோசம் பொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு முற்றத்தில் இவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

கதிரை வழுக்கியது. ரெட்டோவின் கை பின்னால் நின்ற கண்ணாடி அலுமாரிக்குள் போனது. உள்ளே இருந்த பாடம் செய்த ஆந்தை கண்ணாடித் துண்டுகளோடு நிலத்தில் விழுந்தது.

வாத்தியார் ஓடிவந்தபோது நாங்கள் மூவரும் அவரவர் இடத்தில் இருந்தோம்.

"ஆர் செய்தது?"

இன்னொரு முறைப்பாடு வந்தால் ரெட்டோவை ஹொக்கிக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பள்ளிக்கூடமே அறியும். கிளவுதியா அவனைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னாள்:

"மனோகரி எங்களுக்கு அண்ணாந்து குடிக்கக் காட்டித் தந்தவள்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வாத்தியார் என்னைப் பார்த்தார். அவன்தான் என்று நான் சொல்லலாம். சொன்னால் யார் நம்புவார்? நம்பினாலும் நாளைக்கு அந்த முற்றத்தில் நான் எப்படி நிற்பது?

"உன்ரை தகப்பனோடை நான் கதைக்க வேணும். ரெலிபோன் நம்பரைச் சொல்லு," என்று சோக்கட்டியை எடுத்தார்.

வீட்டில் ரெலிபோன் இல்லை. அப்பா சட்டி கழுவுகிற உணவகத்தின் இலக்கம்தான் எனக்குத் தெரியும். சவர்க்காரக் கையைத் துடைத்துக்கொண்டு, முதலாளி பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு ஜெர்மன் குரலுக்கு "யா, யா" என்று அவர் நடுங்கப்போவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். எவ்வளவு மெல்லச் சொல்லலாமோ அவ்வளவு மெல்ல. வாத்தியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதினார். ரெட்டோ மேசைக்குக் கீழே கையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுடைய வெள்ளைச் சப்பாத்தில் இரத்தம் சொட்டியது. நான் பார்த்ததை அவன் கண்டுவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்ற இலக்கத்தைச் சொன்னேன்.

கடைசி இலக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. வாத்தியாரின் சோக்கட்டி பலகையில் முட்டியபடி நின்றது.

பின்னால் ரெட்டோவின் கதிரை நிலத்தில் இழுபடும் சத்தம் கேட்டது.