பின்பலகை இல்லாத அலமாரி

பரமார்த்தலிங்கத்துக்கும் அவர் மனைவி ஜெயக்கொடிக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டபடியால், அவர்கள் பேசிக்கொள்வதையெல்லாம் அடுக்களைச் சுவர்தான் கொண்டுபோய்க் கொடுத்து வந்தது.

தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்கு இது புதிதல்ல. பேச்சு நின்ற வீடுகளில் யாராவது ஒருவர், அல்லது ஏதாவது ஒன்று, அந்த வேலையைப் பார்க்கத்தான் வேண்டும். எதிர்வீட்டு அண்ணன் தம்பிக்கு மாடிப்படியின் கைப்பிடி. முனைவீட்டு மாமியார் மருமகளுக்கு ஒரு பழைய அம்மி. மேட்டுத்தெரு சோமநாதன் தன் பங்காளியோடு கிணற்றுக்குள் குனிந்து பேசுவார். பங்காளியும் எதிர்ப்பக்கம் நின்று குனிந்து பதில் சொல்வான். நிமிர்ந்துவிட்டால் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்க மாட்டார்கள். கிணற்றுக்குள் பேசியது கிணற்றோடு பேசியதாகத்தான் ஊரில் எடுத்துக்கொள்வார்கள்.

இவர்கள் வீட்டுச் சுவர் நல்ல சுவர். பரமார்த்தலிங்கம் உப்பு லாரி ஓட்டிய காலத்தில் தன் கையாலேயே சுண்ணாம்பு பூசியது. ஈரம் காயும் முன்னே ஜெயக்கொடி தெரியாமல் கையை ஊன்றிவிட்டாள்; அவள் வளையல் பதிந்த தடம் இன்னும் இருந்தது. அது இருவருக்கும் நேர்ப்பேச்சு இருந்த காலம். லோடு இறக்கிவிட்டு வந்தால் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சுவரில்தான் முதுகைச் சாய்ப்பார். அந்தப் பக்கம் அடுப்பு. விறுவிறுவென்று சூடு ஏறி இடுப்புப் பிடிப்பெல்லாம் விட்டுப்போகும். அடுப்பு கேஸ் ஆன பிறகு சூடு குறைந்தது. அந்த கேஸ் கம்பெனிக்காரன் மேல் அவருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

பேச்சு நின்ற காரணத்தை அவர் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை. ஜெயக்கொடியின் அண்ணன் மகளுக்கு நிச்சயத் தாம்பூலம். சபையில் லக்கினப் பத்திரிகையை வாசிக்க மூத்தவர் என்று இவர் கையில் கொடுத்தார்கள். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெண்கள் பக்கமிருந்து ஜெயக்கொடி சொன்னாள்: "அவுககிட்ட குடுத்தா எழுத்துக் கூட்டி முடிக்கதுக்குள்ள பொண்ணுக்குப் பேறுகாலம் வந்துரும்." சபையே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பல் செட்டுகூட இவருக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இனி அவகிட்ட எனக்குப் பேச்சு இல்லைன்னு சொல்லு." சுவர் சொல்லிவிட்டது. அன்று ஆரம்பித்த வேலை.

சுவருக்கென்று தனிக்குரல் கிடையாது. அவள் சொன்னதை அவள் குரலிலேயே, கொஞ்சம் ஈரமாக, இந்தப் பக்கம் சொல்லும். "சாப்பிட வாங்க, ஆறிப்போகுது" என்று வரும். இவர் போய்ச் சாப்பிடுவார். சாப்பிடும்போதே ஏதாவது சொல்லி அனுப்புவார். மறுபக்கமிருந்து ஒரு அப்பளம் கூடுதலாக வரும். இப்படியே மகன் ராஜவேல் வளர்ந்து கப்பல் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, மருமகள் பொன்சுபா வீட்டுக்கு வந்தாள்.

சுபாதான் ஒருநாள் சொன்னாள்: "மாமா, சுவர எடுத்துட்டு ஓப்பன் கிச்சனா போட்டுருவோமா? உள்ள நின்னா ஒரு ஆள் முகம் தெரிய மாட்டேங்கு. ஜெயில்ல நிக்க மாதிரி இருக்கு."

"உங்க அத்தைகிட்ட கேட்டாச்சா?"

"நீங்களே கேளுங்க."

அவர் சுவரிடம் கேட்கச் சொன்னார். தன்னை இடிப்பதைப் பற்றிய கேள்வியையும் சுவர் ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலும் கொண்டுவந்தது. "புள்ளைக்கு வசதின்னா சரிதான்."

அளவெடுக்க கில்பர்ட் வந்தான். துறைமுகச் சாலையில் அலமாரிக் கடை வைத்திருப்பவன். டேப்பை இழுத்துக்கொண்டே கேட்டான்: "அலமாரி சாமானுக்கு மட்டுமா, பேச்சுக்கும் சேத்தா?"

"பேச்சுக்கும் சேத்துத்தான்," என்றாள் சுபா.

"அப்ப ரெடிமேடு ஆகாது அண்ணாச்சி. ஆர்டர் குடுத்துத்தான் செய்யணும். மாதிரிக்கு ஒவ்வொண்ணா கொண்டாந்து வைக்கேன். பேசிப் பாத்து எடுங்க. பெறகு சரியில்லன்னு என் சட்டையப் பிடிக்கக் கூடாது."

முதலில் வந்தது பி.வி.சி. பிளாஸ்டிக் அலமாரி. பளபளவென்று வெள்ளை. சுவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு மத்தியானம் பேசிப் பார்த்தார்கள். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் அலமாரி தெளிவாகச் சொன்னது: "அந்தாளு எங்க போய்த் தொலைஞ்சான்? சோத்தப் போட்டு வச்சிட்டு எம்புட்டு நேரம் காத்துக் கிடக்க? வந்து கொட்டிக்கிட்டான்னா நான் பாத்திரத்தக் கழுவிட்டுக் கட்டையச் சாய்ப்பேன்."

பரமார்த்தலிங்கம் போய்ச் சாப்பிட்டார். வழக்கம்போல் சொல்லி அனுப்பினார்: "உப்பளத்துக்காரன் மகள்னு காட்டுதா பாரு. அள்ளிப் போட்டிருக்கா. மனுசன் திம்பானா இத?" அலமாரி அதையும் ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தது. அப்பளம் வரவில்லை. ஒரு பாத்திரம் நங்கென்று தரையில் உட்கார்ந்த சத்தம் வந்தது. சாயங்காலத் தேநீரும் வரவில்லை.

அடுத்தது மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் கடல்காற்று பட்டால் ஊதிக்கொள்கிற சாமான். காப்பித்தூள் தீர்ந்துவிட்டது என்று ஜெயக்கொடி சொன்னது, ஊதிப் பெருத்து, "எல்லாம் தீந்து போச்சு, இனிமே இந்த வீட்டுல ஒண்ணுமே இல்ல" என்று கூடத்துக்கு வந்தது. அவர் அன்று பொழுது சாயும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் இவர் முதுகு பிடித்திருக்கிறது என்று சொன்னது அந்தப் பக்கம் என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, ஜெயக்கொடி தைலப் புட்டியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடிவந்தாள். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

தேக்கு அலமாரி நிதானமாக யோசித்துத்தான் வாயைத் திறந்தது. இட்லி ஆறுகிறது என்ற சேதி, இட்லி இல்லாத நாளில் வந்து சேர்ந்தது.

இதற்குள் இரண்டு பேரும் சொல்லி அனுப்புவதே குறைந்துவிட்டது. இப்படியே போனால் இருவரும் உண்மையிலேயே பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று பரமார்த்தலிங்கத்துக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் பேசாமல் இருந்ததில் ஒருநாளும் அவர் பயந்ததில்லை. இப்போது பயந்தார்.

சுபா கோயிலுக்கும் ஜெயக்கொடி ரேஷன் கடைக்கும் போயிருந்த நேரம் பார்த்து, சுவரின் முன்னால் போய் நின்றார்.

"இத்தன நாளும் நீயாத்தான் சேத்துச் சேத்துச் சொன்னியா?"

"சுண்ணாம்புச் சுவரு அண்ணாச்சி," என்றது சுவர். "பூசித்தான் எனக்குப் பழக்கம்."

தனிக்குரல் இல்லாத சுவர் ஆகையால் அதையும் ஜெயக்கொடியின் குரலில்தான் சொன்னது. மனைவியின் குரலில் அண்ணாச்சி என்று கேட்க அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

"சாப்பிட வாங்கன்னு அவ ஒருநாளும் சொல்லலியா?"

"ஆறிப்போகும்னு கவலைப்படுவாக. அத வச்சுத்தான் நான் மிச்சத்தச் சொல்லுவேன்."

"நான் சொன்னதையும் அப்படித்தான் மாத்துனியா?"

"உப்பு ஒரு பொட்டு தூக்கல், மத்தபடி ருசின்னு சொல்லுவேன். அதுக்குத்தான் அப்பளம்."

பிறகு அவர், அன்று சபை சிரித்ததைப் பற்றி அவள் எப்போதாவது ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

"பூசாமச் சொல்ல வேண்டியது சிலது உண்டு அண்ணாச்சி. அது என்னால ஆகாது," என்றது சுவர். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவரும் கெஞ்சவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லாதவர். வளையல் தடத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

கடைசியில் நேராகக் கடைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று சுபா ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவில் சுபா நடுவில் உட்கார்ந்தாள். கடை நெடுக அலமாரிகள் நின்றன. கண்ணாடிக் கதவு போட்டவை, இழுப்பறை வைத்தவை, மூலையில் சுழல்கிறவை. தட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தினுசாகப் பேசியது. ஒன்று நாடகக்காரன் மாதிரி நீட்டி முழக்கியது. ஒன்று எதைச் சொன்னாலும் கடைசியில் கொஞ்சம் அழுதது.

பரமார்த்தலிங்கம் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே போனார். கடையின் பின்பக்கம், பட்டறை ஓரமாக, சாதாரண வேப்பமரப் பலகையில் ஒரு அலமாரி நின்றது. கதவைத் திறந்தார். அதே நேரத்தில் அந்தப் பக்கக் கதவும் திறந்தது. உள்ளே சாமான் எதுவும் இல்லை. எதிரே ஜெயக்கொடியின் முகம் இருந்தது.

ஒரே வீட்டில் இருந்தும் முகத்துக்கு முகம் பார்த்து நாளாகியிருந்தது. இரண்டு பேரும் கதவை மூடவில்லை.

"அது இன்னும் முடியல அண்ணாச்சி," என்று கில்பர்ட் ஓடிவந்தான். "யாரோ ரெண்டு பக்கமும் கதவு கேட்டுட்டு, பெறகு வேண்டாம்னுட்டாங்க. ஒரு பக்கத்த எடுத்துட்டுப் பின்பலகை அடிக்கணும்."

"அடிக்க வேண்டாம்," என்றார் பரமார்த்தலிங்கம்.

"அடிக்க வேண்டாம்தான்னு அவுககிட்ட சொல்லுங்க தம்பி," என்றாள் ஜெயக்கொடி அந்தப் பக்கமிருந்து.

"பலகை இல்லாம இது எப்படிப் பேச்சக் கொண்டு போகும்? இது வாயே திறக்காதே!"

"திறக்காண்டாம்," என்றார் அவர். "நீ வந்து மாட்டு."

சுவரை ஒரு காலைப்பொழுதில் இடித்தார்கள். அது கடைசியாக இரண்டு பக்கமும் ஏதோ சொன்னது. டிரில் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு மேடை கட்டி, அதன் மேல் அலமாரியை நிறுத்தினான் கில்பர்ட். ஒரு கதவு கூடத்தைப் பார்த்தது. ஒரு கதவு அடுப்பைப் பார்த்தது. மற்றபடி வீடு திறந்து கிடந்தது. சுபாவுக்கு அடுப்படியில் நின்றபடியே டி.வி. தெரிந்தது. ஜெயக்கொடி நடமாடுவது முழுவதும் பரமார்த்தலிங்கத்துக்குத் தெரிந்தது. திறந்த இடத்தில் இரண்டு பேரும் வழக்கம்போல் முகம் கொடுக்காமல் நடந்தார்கள்.

பால் காய்ச்சிய அன்று மத்தியானம், அலமாரியின் கூடத்துக் கதவைத் திறந்து அவர் தலையை உள்ளே விட்டார். மஞ்சள்தூள் டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவில் ஜெயக்கொடியின் தலை ஏற்கெனவே இருந்தது.

"அலமாரி," என்றாள் அவள். "இவுகளுக்குக் காதுல இருக்க முடியெல்லாம் நரைச்சுப்போச்சுன்னு சொல்லு."

அலமாரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் காதைத் தடவிக்கொண்டார்.

"மூக்குத்தி மாத்திருக்காளேன்னு கேளு."

"மாத்தி எம்புட்டோ நாளாச்சுன்னு சொல்லு. கண்ணு எங்க இருந்துச்சாம்?"

அவர் புளி ஜாடியை ஒரு பக்கம் நகர்த்தினார். "அன்னைக்கு சபையில அப்படிச் சொன்னாளே, அது எதுக்குன்னு கேளு."

ஜெயக்கொடி உடனே சொன்னாள். "வாய்க்கொழுப்புன்னு சொல்லு. எல்லாரும் சிரிக்கவும் நாக்கக் கடிச்சுக்கிட்டேன். நான் செஞ்சது தப்புன்னு மறுநாள் காலையிலயே சுவத்துக்கிட்ட சொல்லிவிட்டேனே? சொல்லலியாமா?"

"சொல்லலை," என்றார் பரமார்த்தலிங்கம்.

இருவரும் தலையை வெளியே எடுத்து, சுவர் இருந்த பக்கம் பார்த்தார்கள். அங்கே சுபா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பவும் தலையை உள்ளே விட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து பரமார்த்தலிங்கம் சுவர் மேல் தீராத கோபம் வைத்துக்கொண்டார். இடிந்துபோனது என்பதற்காக விட்டுவிடவில்லை. இத்தனை வருஷமும் ஜெயக்கொடி மேல் வைத்திருந்ததை அப்படியே தூக்கி அதன் மேல் வைத்தார். ஒரு சொல் குறையவில்லை. ஆள்தான் மாறியது.

கூடத்தில், அடுப்படியில், வாசலில் எங்கேயும் அவர்களுக்குப் பேச்சு கிடையாது. பழக்கத்தை மாற்ற இரண்டு பேருக்கும் மனசில்லை. அலமாரிக்குள் மட்டும் தினமும் மத்தியானம் அலமாரியோடு பேசுகிறார்கள். இடையில் சுபா வந்து, "அத்தை, கொஞ்சம் தலைய எடுங்க, கடுகு எடுக்கணும்," என்பாள். எடுத்துக்கொண்டு போவாள்.

ஒருநாள் ஜெயக்கொடி மட்டக்கடைப் பக்கம் அவர்கள் முதல்முதலில் குடியிருந்த ஓட்டு வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாள். "அலமாரி, அந்த ஐப்பசி மழை இவுகளுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு. ஒழுகாத எடமே இல்ல. இருந்த சட்டி பானை பூராத்தையும் வச்சும் பத்தல."

"இவ கல்யாணச் சீர்ல வந்த குத்துவிளக்கக் கவுத்து வச்சு அதுலயும் புடிச்சாளேன்னு சொல்லு," என்றார் அவர். "விடிய விடிய டொக்கு டொக்குன்னு சத்தம். தூங்கவே இல்ல."

"தூங்காததுக்கு அது மட்டுமா காரணம்னு கேளு," என்றாள் அவள்.

அவர் பதில் சொல்வதற்குள் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது மஞ்சள்தூள் டப்பாவின் மேல் விழுந்தது. பிறகு அலமாரிக்குள் மழை நிதானமாகப் பிடித்துக்கொண்டது. ஓடு நனைந்த வாசனை உள்ளே நிறைந்தது. வெளியே சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி உப்பு ஜாடியை மட்டும் எடுத்து வெளியே மேடையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

மறுநாள் கில்பர்ட் வந்து அலமாரியின் அடிப்பலகையில் ஒரு துளை போட்டு, சின்னக் குழாய் ஒன்றைச் செருகிவிட்டுப் போனான். சுபா அதற்குக் கீழே ஒரு குடம் வைத்திருக்கிறாள். தெருவில் வருகிற தண்ணீர் உப்புத் தண்ணீர், இது அப்படியில்லை. இதில் போட்டால் பருப்பு சீக்கிரம் வேகிறது.