ஆனி மாதக் கோடை

முழங்கால்வரை நடவுச் சேறு. தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி. பேச்சித்தாய் பள்ளிக்கூடத்துச் சன்னலோரம் நின்றாள். அரைநாள் கூலி போயிற்று, போகட்டும். பரீட்சை வைக்க வந்த இன்ஸ்பெக்டரின் கேள்விக்கு மகள் பாலம்மாள் சரியாகச் சொன்னால் ஐந்தாம் வகுப்பு. தவறினால் நாளைக்கே அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்று முடி பிரிக்க வேண்டியதுதான். பண்ணைக் காரியக்காரர் நயினார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அது முப்பத்தாறாம் வருஷத்து ஆனி. ஐந்தருவிப் பக்கமிருந்து சாரல் குறுக்காக அடித்தது. அதற்குக் கதவு, சன்னல், அதிகாரி என்ற பேதமெல்லாம் கிடையாது. தென்காசியிலிருந்து வில்வண்டியில் வந்த இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைக் கழற்றிப் பிழிந்தார். விழுந்த தண்ணீரில் ஒரு மரக்கால் விதைப்பாட்டு வயலைத் தாராளமாக நடலாம். பிழிந்துகொண்டே, பூகோளப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆனி மாதம் என்ன காலம்?"

பட்டணத்தில் அச்சடித்த புத்தகம். வகுப்பில் மூன்று பேரிடம்தான் இருந்தது. மூவரும் நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள். "கோடைக்காலம். கடும் வெயில், புழுதிக்காற்று" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் ஒருவன் தும்மினான்.

இன்ஸ்பெக்டர் பாலம்மாளைக் காட்டினார். "நீ சொல்லு."

புத்தகத்தைத் தொட்டே பார்த்திராத பாலம்மாள் சன்னலைப் பார்த்தாள்.

"சாரல் காலம், அய்யா. மேக்க மலையில மேகம் எறங்கும். அருவியில தண்ணி விழும். எங்கம்மா நடவுக்குப் போவா."

"தப்பு." அவர் பேனாவை எடுத்தார்.

"அதுகிட்ட புஸ்தகம் இல்லைங்கய்யா…" என்று செல்லப்பா வாத்தியார் இழுத்தார்.

பேச்சித்தாய் சன்னல் கம்பியைப் பிடித்தாள். "எசமான், ஒரு வார்த்த. இது கோடைன்னா, தலப்பாவ எதுக்குப் பிழியுதிய?"

"ஏட்டி, சும்மா கெட" என்றார் வாத்தியார்.

"சும்மாதான் நிக்கேன் வாத்தியாரையா. வெயில் தாங்கல. அதான் சாக்கப் போத்தியிருக்கேன்."

நாற்பது பிள்ளைகளும் சிரித்த சிரிப்பில் ஓட்டிலிருந்து இரண்டு பல்லிகள் விழுந்தன. மூன்று என்பாரும் உண்டு. கூடவே ஒரு சொட்டு, அவர் எழுதப்போன பதிவேட்டில். மை ஐந்தருவி மாதிரி ஐந்து கிளையாகப் பிரிந்து ஓடியது. அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"புஸ்தகம் எழுதினவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார் போலிருக்கு" என்று சொல்லி, காய்ந்த மூலை தேடி, 'தேறினாள்' என்று எழுதினார்.

பேச்சித்தாய் வரப்பில் நடந்த நடைக்குக் கொக்குகள் வழிவிட்டு நின்றன. நயினார் குடைக்குள்ளிருந்து கேட்டார்.

"என்னட்டி, மக எப்ப வருதா?"

"அவ வரமாட்டா அண்ணாச்சி. அஞ்சாங் கிளாஸு."

குனிந்து முதல் நாற்றை ஊன்றினாள். சாரல் முதுகில் கொட்டியது. மேட்டில் இன்ஸ்பெக்டரின் வண்டி கிளம்பியதும் பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்கிவிட்டது. நாற்பது குரல்கள் மழைக்கு மேலாக வந்தன.

"ஆனி, ஆடி, கோடைக்காலம். கடும் வெயில், புழுதிக்காற்று."

அதில் பாலம்மாளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.