இடது காது

அந்த வசந்தத்தில் தெங் கோட்டையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு எருது. மற்றவை எல்லாம் சத்தியத்துக்குப் போய்விட்டன.

வாயால் சொல்லிவிட்டுப் போகிற சத்தியம் இல்லை அது. ஒரு படைத்தலைவருக்கு அடங்கி நடப்போம் என்று உறுதி கொடுக்க, குழி வெட்டி, அதன் விளிம்பில் எருதைக் கொன்று, இடது காதை அறுத்துத் தட்டில் வைத்து, இரு தரப்பாரும் அந்த ரத்தத்தை உதட்டில் பூசிக்கொள்ள வேண்டும். எருதை அந்தக் குழியிலேயே புதைத்துவிடுவார்கள். பசியில் கண் இருட்டினாலும் அந்த இறைச்சியை யாரும் தொடக் கூடாது, வானம் பார்த்துக்கொண்டிருக்கும். காது மட்டும் உப்புப் போட்ட பெட்டியில் தலைவரிடம் போகும்.

சீனத்து ஹான் பேரரசர் இன்னும் இருக்கிறார் என்றுதான் பேச்சு. ஆனால் அவர் யார் பிடியில் இருக்கிறாரோ அவர் வைத்ததுதான் அந்த மாதத்துச் சட்டம். மேற்குத் தளபதி வந்தார், ஓர் எருது போனது. அவரை அவருடைய தம்பியே காட்டிக்கொடுத்தான். வடக்குத் தளபதி வந்தார், இன்னொன்று போனது. அவரிடம் இருந்த படையில் பாதி ஒரே மழையில் கட்சி மாறியது. அப்புறம் ஒருவர், அவர் பேர்கூட ஊரில் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை, எருதுதான் ஞாபகமிருக்கிறது. கோட்டைத் தலைவன் தெங் கூ ஒவ்வொரு தடவையும் உதட்டைச் சிவப்பாக்கிக்கொள்வான், பொழுது சாய்வதற்குள் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வான், அடுத்த கொடிக்குத் துணி தேட ஆரம்பிப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை. மதிலுக்குள் இருந்த உயிர்களைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆனால் உழுகிறவளுக்கு வயிறு எரியாதா?

உழுகிறவள் அவன் தங்கை ரோங். புருஷன் யாருடைய போரிலோ செத்த பிறகு அண்ணன் கோட்டைக்கே திரும்பி வந்தவள். அங்கே ஏர் என்றால் இரட்டை எருது ஏர். கடைசிச் சத்தியத்தில் சோடி போனதும், நுகத்தின் காலியான பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தாள். ஊரே சிரித்தது. உழவுசால் கோணாமல் போவதைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கியது. இப்போது அவள் வலது தோளில், எருதின் கழுத்தில் இருப்பது போலவே ஒரு காய்ப்பு.

கிழக்குத் தளபதியின் தூதன் மறுநாள் வருகிறான் என்று சேதி வந்த அன்று, கூ நேராக மேட்டு நிலத்துக்கு வந்தான்.

"மாட்டக் கழுவி வை, ரோங். நாளைக்கு வேணும்."

"நாளைக்கு இந்த மேட்ட உழுதாகணும். ஈரம் போயிட்டா தினை முளைக்காது."

"அவங்களுக்குக் கதவத் தெறக்கலன்னா உழுறதுக்கு நீயே இருக்க மாட்டே."

"மாட்டக் குடுத்துட்டா பனிக்காலத்துல ஒருத்தரும் இருக்க மாட்டோம், அண்ணே. பட்டினில சாகுறது மட்டும் நல்ல சாவா?"

கூ திரும்பி நடந்தான். போகும்போதே குழி வெட்ட ஆள் அனுப்பினான்.

ரோங் அன்று முழுக்க யோசித்தாள். எருதை ஓட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால், போகிற வழியெல்லாம் பசித்த படைகள். அண்ணன் காலில் விழலாம் என்றால், அவனே யார் யார் காலடியிலோ கிடக்கிறான். மிச்சமிருந்தது ஒரே வழி. ஊனமான மிருகத்தை வானம் ஏற்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். விடிந்ததும் கதிரரிவாளை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். எருதின் நெற்றியைத் தடவிக்கொண்டே அதன் இடது காதை அறுத்து அடுப்பில் போட்டாள், காயத்தில் சாம்பலை அப்பினாள். எருது ஒரு தரம் கத்திவிட்டு அவள் தோளிலேயே தலையைச் சாய்த்தது. அப்போதுதான் அழுதாள்.

தூதன் பாங் ஷுன் ஒடிசலான ஆள், ஓயாமல் இருமுகிறவன். அவன் மார்புக் கவசத்தில் பழைய தலைவர் ஒருவரின் குறியைச் சுரண்டி எடுத்த தடம் பளபளத்தது. குழியருகே எருதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கூட்டம் அதன் காதில்லாத பக்கத்தைப் பார்த்தது. கூவின் முகம் வெளுத்துப்போனது.

யார் செய்தது என்று பாங் ஷுன் கேட்டான். நான்தான் என்று ரோங் முன்னால் வந்தாள். இந்த எருது இனி எந்தத் தலைவருக்கும் ஆகாது, உழவுக்கு மட்டும்தான் ஆகும் என்றாள். அறுவடையானால் தளபதிக்குத் தானியம் உண்டு, எருது செத்தால் அவருக்குக் காது மட்டும்தான் கிடைக்கும் என்றும் சொன்னாள். ஏதாவது ஒரு பிராணி சாகத்தான் வேண்டுமென்றால் இத்தனை குதிரைகள் நிற்கின்றனவே என்றாள். வீரர்கள் ஆளாளுக்குக் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"குதிரை தளபதியோடது," என்றான் பாங் ஷுன். "நான் வெறும் பெட்டியோட போனா அதுல என் தலையத்தான் வைப்பாரு. எனக்கு ஒரு காது வேணும்." எருதைப் பார்த்தான், அவள் தோளைப் பார்த்தான். வாய் கோணியது. "நீதான் இதுக்குச் சோடியாமே. உன் காது முழுசாத்தானே இருக்கு?"

அவள் தன் காலில் விழுவாள் என்று நினைத்துத்தான் சொன்னான். விழுந்தவன் கூ. இந்த ஒரு தடவை விட்டுவிடும்படி மண்ணில் நெற்றியை முட்டினான். பாங் ஷுன் அசையவில்லை.

ரோங்குக்குப் பயமாக இருந்தது. ஆனால் மதிலுக்கு அப்பால் பாதி உழுத மேட்டு நிலம் தெரிந்தது, ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. தலைத்துணியை அவிழ்த்தாள்.

"ஏர் இழுக்கத் தோள் போதும். காது எதுக்கு?" என்றாள். "எந்திரி அண்ணே. தட்டப் பிடி."

இடுப்பில் செருகியிருந்த அதே அரிவாள்தான். தன் கையாலேயே தன் இடது காதை அறுத்தாள். கூ தட்டை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

பாங் ஷுன் தட்டைப் பார்த்தான். சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது. ரத்தத்தை விரலால் தொட்டு உதட்டில் வைத்தான். கூவும் வைத்தான்.

"ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் ரோங், கழுத்தெல்லாம் ரத்தமாக. "இதுவரைக்கும் சத்தியம் பண்ணுன ஆம்பளைங்க ஒருத்தரும் அதக் காப்பாத்தல. மாடுங்கதான் காப்பாத்துச்சு. இன்னும் அந்தக் குழியிலயே கிடக்குதுங்க."

ஒன்றும் போடாமலேயே குழியை மூடினார்கள். பெண்கள் சாம்பல் வைத்துக் கட்டும்போது, தலைக்கு வந்தது காதோடு போயிற்று என்று அவள் சொல்ல, அவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அன்று பொழுது சாய்ந்தும் கூ உதட்டைத் துடைக்கவில்லை.

காய்ச்சலில் அவளால் ஏர் இழுக்க முடியாதபோது நுகத்தின் மறுபக்கம் தோள் கொடுத்தவன் அவன்தான். உழவுசால் பாம்பு போன வழியாகக் கிடந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்து திட்டத் திட்ட, மேடு முழுவதையும் உழுது முடித்தான். ஈரம் காய்வதற்குள் தினை விதை விழுந்தது.

தினை முழங்கால் உயரம் வந்தபோது குதிரைகள் வந்தன. கொடி வேறு, நிறம் வேறு. முன்னால் இருமிக்கொண்டு வந்தவன் பாங் ஷுன். மார்புக் கவசத்தில் இன்னும் ஓர் இடம் சுரண்டப்பட்டிருந்தது.

கிழக்குத் தளபதி தோற்றுவிட்டார், தான் இப்போது தெற்குத் தளபதியின் ஆள், கதவைத் திறந்து புதுச் சத்தியம் செய்யுங்கள் என்று கீழிருந்து கத்தினான்.

பழக்கதோஷத்தில் காவலாள் தாழ்ப்பாளில் கையை வைத்தான். கூ மதில்மேலிருந்து வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஆயுளில் முதல் தடவையாக அந்தக் கதவு ஒரு கொடிக்கு மூடியே இருந்தது.

"என் தங்கச்சி காது எங்க?" என்றான்.

தப்பி ஓடிய அவசரத்தில் பாங் ஷுன் எந்தக் கூடாரத்தில் எந்தப் பெட்டியை விட்டானோ, அவனுக்கே வெளிச்சம்.

"அதக் கொண்டாந்து அவ கையில குடு. அப்புறம் அடுத்த சத்தியத்தப் பேசுவோம்."

யாரும் கூப்பிடாமலே ஊர் மதிலேறி வந்திருந்தது. மண்வெட்டி, தடி, கைக்கு வந்த கல். பாங் ஷுன் அவர்களைப் பார்த்தான். பிறகு மூலையில் தலைத்துணி இல்லாமல் நின்றிருந்த ரோங்கைப் பார்த்தான். அவன் கை தானாகப் போய் உதட்டைத் துடைத்தது. குதிரையைத் திருப்பினான்.

புழுதி அடங்கியபின் கூ மதிலைப் பிடித்துக்கொண்டான்.

"பெரிய படையோட வருவான், ரோங்."

"வரட்டும். கல்லு நிறைய இருக்கு," என்றாள் அவள். "அதுக்குள்ள களை எடுத்தாகணும். எறங்கு."

கூ அவளுக்கு முன்னால் இறங்கினான்.