சும்மா உட்கார ஓர் ஆள்

ஓவிய வகுப்பில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது அந்தச் சமூகக் கூடத்தின் விதி. ஒருவர் சொல்லித்தர, இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருக்க. சும்மா உட்கார்ந்திருந்த அக்கா வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். சொல்லித்தரும் தம்பி தனியாக மாட்டிக்கொண்டான். சனிக்கிழமைக்குள் ஆள் சேராவிட்டால் வகுப்புக்குப் பூட்டு. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரைக் கேட்கலாமென்றால், அவர்கள் வண்டியை அணைப்பதே இல்லை.

தன்னார்வலர் தேவை என்று விளம்பரம் வரைந்தான். ஒரு காலி நாற்காலி, அதன்மேல் சாய்ந்த வெயில், மூலையில் எறும்பளவு எழுத்து. கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் பிள்ளைகளின் ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்டினான்.

தெருவே நின்று பார்த்தது. "மனசை என்னமோ பண்ணுது" என்றார் ஒருவர். பண்ணியதோடு வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருத்தி அதன் முன்னால் சோகமாக நின்று செல்ஃபி எடுத்தாள்.

அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனில் அக்கா கேட்டாள். "ஆள் வேணும்னு எங்கடா எழுதியிருக்கே?"

"மூலைல."

"கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் மாட்டியிருக்கலாம்ல."

"எழுத்து பெருசானா படம் கெட்டுடும்க்கா."

"இப்ப மட்டும் எது கெடாம இருக்கு?"



சனிக்கிழமை மழை தூறியது. கூடத்தின் மேனேஜர் பூட்டோடு வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்போல நின்றார். பிள்ளைகள் வராந்தாவில் ஈரச் செருப்போடு காத்திருந்தார்கள். தம்பி படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் கரியால் கோணல்மாணலாக எழுதி மாட்டினான்: 'ஓர் ஆள் வேண்டும். சும்மா உட்கார. வரையத் தெரிய வேண்டாம்.'

இப்போது யாருமே நிற்கவில்லை.

மேனேஜர் கதவை இழுத்தபோது, குடையோடு பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். "இங்க ஒரு நாற்காலி படம் இருந்துச்சே தம்பி. டெய்லி பார்ப்பேன்."

"பின்னாடி இருக்குண்ணே."

முன்னால் இருந்ததை டிரைவர் மெதுவாக வாசித்தார். "சும்மாதானே உட்காரணும்? பொழப்பே உட்கார்றதுதான். இன்னிக்கு லீவுலயும் உட்கார்ந்துட்டுப் போறேன்."

உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரையே வரைந்தார்கள். எல்லாத் தாளிலும் மீசை மட்டும் ஆளைவிடப் பெரிதாக இருந்தது.

"அடுத்த வாரம்ணே?"

"டூட்டி இருக்கு தம்பி." சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

மேனேஜர் பூட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்தபடியே தம்பி கரியை எடுத்தான். 'அடுத்த வாரமும்' என்று கீழே சேர்த்தான். எழுத்து அசிங்கமாக இருந்தது. திருத்தவில்லை.